நீண்டகாலம் வெளிநாட்டில் தங்க எந்த வீசா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. பாஸ்போர்ட், வீசா, பொலிஸ் ரிப்போர்ட், பீரோ பதிவு என்று வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே விட்டுவிட்டேன். பீரோ என்று நாம் சொல்வது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை. கட்டணங்கள் அடிக்கடி ஏறி இறங்குவதால் அவற்றை எழுதவில்லை.

சேர், எந்த வீசா சீக்கிரமா கெடைக்கும்?

டூரிஸ்ட் வீசா. கூடுதல் பேர் மாட்டிக்கொள்வதும் அதில்தான். அதில் போய்ச் சம்பளத்துக்கு வேலை செய்ய எந்த நாடும் அனுமதி தருவதில்லை.

நாடு எது என்று கேட்பதற்கு முன் நான் கேட்பது இதைத்தான்: அங்கே போய்க் காலையில் எழுந்து என்ன செய்யப் போகிறீர்கள்? கூலி வேலையா, படிப்பா, வைத்தியமா, மகளோடு போய் இருப்பதா? அந்தக் காரியத்துக்கென்று அந்த நாட்டுச் சட்டம் எந்த வீசாவை வைத்திருக்கிறதோ அதை எடுங்கள். அடுத்து, அந்த வீசா யாரை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். வளைகுடா வேலை வீசா முதலாளியை நம்பி நிற்கும். அவர் ரத்துச் செய்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாணவர் வீசா கல்லூரியை நம்பி நிற்கும். கணவனோடு போகும் மனைவியின் வீசா கணவனுக்கு வேலை போனால் கூடவே போய்விடும். ஏஜென்ட்மார் சம்பளத்தைச் சொல்வார்கள், டிக்கட்டைச் சொல்வார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வீசா வந்திருச்சி, ரெண்டு வருஷம் இருக்கலாம்னு ஏஜென்ட் சொல்றாரு. கடதாசியில 90 நாள்னு போட்டிருக்கே?

இரண்டுமே சரியாக இருக்கலாம். வீசா என்பது பெரும்பாலும் உள்ளே நுழைவதற்குத்தான். தங்கியிருப்பதற்கு அங்கே போன பிறகு இன்னொரு அட்டை எடுக்க வேண்டும். சவூதியில் அதற்குப் பெயர் இகாமா. போய் இறங்கி 90 நாளுக்குள் முதலாளி அதை எடுத்துத் தர வேண்டும், செலவும் அவருடையது. டுபாய், அபுதாபி பக்கம் எமிரேட்ஸ் அடையாள அட்டை. மலேசியாவில் வருடாவருடம் புதுப்பிக்கும் தற்காலிக வேலை பாஸ். ருமேனியாவில் நீண்டகால வீசாவில் இறங்கி, பிறகு வதிவிட அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது அட்டையை முதலாளி எடுக்காமல் விட்டால், ஒரு தப்பும் செய்யாமலே நீங்கள் சட்டவிரோதக் குடியிருப்பாளர் ஆகிவிடுவீர்கள். பிடிபட்டால் கேள்வி உங்களிடம்தான். அதனால் போன முதல் மாதமே "என் இகாமா எப்போ?" என்று கேட்கத் தொடங்குங்கள். கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்டை தொலைந்தாலும், யாராவது பிடுங்கி வைத்தாலும், தூதரகத்தில் சொல்ல அந்த இலக்கம் வேண்டும்.

மலேசியாவுக்கு சோஷல் வீசாவுல போயி வேலை தேடிக்கலாமா? எங்க டிவிசன் பசங்க போயிருக்காங்க.

போயிருக்கிறார்கள், உண்மைதான். தமிழ்ச் சாப்பாட்டுக் கடை, கார் கழுவும் இடம், செம்பனைத் தோட்டம் என்று வேலையும் கிடைக்கிறது. மொழிப் பிரச்சினை இல்லை, கோயில் இருக்கிறது, சோறு இருக்கிறது. ஆனால் சோஷல் வீசா என்பது சுற்றிப் பார்க்க, சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு. அந்தப் பாஸ் பெரும்பாலும் 30 நாளுக்குத்தான். முப்பத்தோராம் நாளிலிருந்து நீங்கள் அங்கே ஒளிந்து வாழ்கிறீர்கள்.

மலேசியக் குடிவரவுச் சட்டம் 1959/63இன்படி, காலம் கடந்து தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவருக்கும் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. அதனால் ரெய்டு வருகிறது என்றதும் முதலாளி "இவனை எனக்குத் தெரியாது" என்றுதான் சொல்வார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி என்று எந்தக் கந்தோரில் போய் முறையிடுவது? சுகமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவும் பயம்.

சரியான வழிக்கு அங்கே "காலிங் வீசா" என்பார்கள். முதலாளி அங்கே அனுமதி எடுக்கிறார், அந்த அனுமதிக் கடிதத்தை வைத்து இங்கே வீசா அடிக்கிறார்கள். போய் 30 நாளுக்குள் ஃபொமெமா மருத்துவப் பரிசோதனை, அதில் தேறினால் வேலை பாஸ். தொழிலாளர் எடுக்க மலேசியா அங்கீகரித்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. தொழிற்சாலை, தோட்டம், கட்டடம், விவசாயம், சேவை என்று துறை துறையாகத்தான் அனுமதி. தோட்டத்துக்கென்று எடுத்த பாஸில் கடையில் வேலை செய்தால் அதுவும் குற்றம்தான்.

மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருங்கள்.

டுபாய்க்கு விசிட்ல போயி அங்கனயே மாத்திக்கலாம்னு சொல்றாங்களே, அது பொய்யா?

முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். ஐக்கிய அரபு இராச்சியத்தில் உள்ளே இருந்தபடியே விசிட்டிலிருந்து வேலை வீசாவுக்கு மாற வழி இருக்கிறது. மாறியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாற்றுவதற்கு முதலாளி வேண்டும், வேலை அனுமதி வேண்டும். 30 நாளோ 60 நாளோ முடிவதற்குள் அது நடக்காவிட்டால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறிக்கொண்டே போகும். அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு 2024இல் அபராதத்தை ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை உயர்த்திவிட்டார்கள். "நாளைக்கே வேலையில் இறங்கு, பேப்பர் பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அந்த அபராதம் தெரியாத ஆள், அல்லது உங்களை ஓர் அறைக்குள்ளேயே வைத்திருக்கப் போகிற ஆள்.

நம் பக்கத்திலும் ஒரு கதவு அடைபடும். வேலைக்குப் போகிறவர் நாட்டை விட்டுப் புறப்படும் முன் பீரோவில் பதிய வேண்டும் என்பது இலங்கைச் சட்டம். விசிட்டில் போனவருக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் பீரோவின் காப்புறுதி இல்லை. அங்கே அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டார் அலைகிற அலைச்சல் சொல்லி முடியாது.

உண்மையான வேலை என்றால் அந்நாட்டு மனிதவள அமைச்சின் ஒஃபர் லெட்டர் வரும். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் அது இருக்க வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. தமிழில் கேளுங்கள். கேட்டதும் ஏஜென்டின் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

வீட்டு வேலைக்கு குவைத் போறேன். 20ஆம் வீசா, 18ஆம் வீசான்னு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

20 என்பது வீட்டு வேலைக்காரர், டிரைவர் போன்று ஒரு குடும்பத்துக்கு வேலை செய்கிறவர்களுக்கு. 18 தனியார் கம்பனி வேலைக்கு. இரண்டுக்கும் பொருந்தும் சட்டம் வேறு. "20இல் போய் இறங்கு, பிறகு 18க்கு மாற்றி சூப்பர் மார்க்கட்டில் போட்டுத் தருகிறேன்" என்பது பழைய வாக்குறுதி. பொதுவாக அந்த மாற்றத்துக்கு இடமில்லை. 2024இல் இரண்டு மாதம் மட்டும் திறந்து மூடினார்கள். சூப்பர் மார்க்கட் வேலைதான் வேண்டுமென்றால் இங்கிருந்தே 18 எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

சவூதியும் இப்படித்தான். 2021 மார்ச்சில் அங்கே தொழிலாளர்கள் முதலாளி மாறுவதை இலகுவாக்கினார்கள். பத்திரிகையில் பெரிதாக வந்தது. அந்தச் சலுகை வீட்டுப் பணிப்பெண்களுக்கு இல்லை. அவர்களுக்கு முஸானெத் என்கிற அரச இணையத்தளத்தின் வழியாக ஒப்பந்தம் பதிவாகும். உங்கள் பெயர், சம்பளம், முதலாளி பெயர் எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அரபியில் இருக்கிறது, புரியாது என்று விடாதீர்கள். பள்ளிவாசல் பக்கம் அரபி வாசிக்கத் தெரிந்த ஒருவர் எந்த ஊரிலும் இருப்பார்.

இன்னொன்று. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் புறப்படும் முன்பே ஏஜென்சி காசு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அடகு மீட்க, பிள்ளைக்கு வாங்க, கூரை போட என்று அந்தக் காசு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். பிறகு மெடிக்கல் சரியில்லை, வீடு சரியில்லை என்று திரும்பி வந்தால் "காசைத் திருப்பிக் கொடு" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் காசுக்கு எதில் கையெழுத்து வைக்கிறீர்கள் என்று வாசித்துப் பார்க்காமல் வைக்காதீர்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அரைக் கிலோவுக்குச் சண்டை போடுகிற நம் பெண்கள், இந்தக் கடதாசியில் மட்டும் கேள்வியே கேட்காமல் பேரெழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

வயது, சின்னப் பிள்ளைகள் இருக்கிற தாய்மார் பற்றிய விதிகள் பலமுறை மாறிவிட்டன. இன்றைய நிலைமைக்குப் பீரோவின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள். தமிழில் பேசலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

விசிட்ல ஓமான் கூட்டிட்டுப் போயி அங்க வீட்டு வேலை எடுத்துத் தாரேன்னு ஒரு அக்கா சொல்லுது.

வேண்டாம். 2022 கடைசியில் டூரிஸ்ட் வீசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்களின் விவகாரம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மனிதக் கடத்தல் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்தது. தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று போன நம் நாட்டுப் பிள்ளைகளை மியன்மாரின் மியாவாடிப் பக்கம் மோசடி முகாம்களில் அடைத்து வைத்திருந்ததும், ரஷ்யாவில் வேலை என்று கூட்டிப்போய் யுத்தத்தில் இறக்கியதும் இதே விசிட் வழியில்தான். கூப்பிடுகிறவர் சொந்தக்காரராக இருந்தாலும் பதில் இதுதான்.

வீட்டுக்காரங்க கொடுமன்னா, வேற வீட்டுக்குப் போயி வேலை செய்யலாம்தானே?

வீட்டை விட்டு வெளியேறலாம், உயிர்தான் முக்கியம். ஆனால் வெளியேறியதும் நேரே தூதரகத்துக்குப் போக வேண்டும். சவூதியில் ரியாத்தில் தூதரகமும் ஜித்தாவில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. வேறு வீட்டில் போய் மறைவாக வேலை பார்த்தால், பழைய முதலாளி "ஓடிப்போய்விட்டாள்" என்று முறைப்பாடு பதிந்துவிடுவார். அங்கே அதற்கு ஹுரூப் என்று பெயர். அந்தப் பதிவு விழுந்தால் நாட்டுக்குத் திரும்புவதே பெரிய பாடாகிவிடும். வெளியில் கூடுதல் சம்பளம் தருகிறேன் என்று அழைக்கிற தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

எங்க தாத்தா இந்தியாவுல பொறந்தவரு. நாங்க இந்தியாவுல போயி நெடுநாள் இருக்க வழி இருக்கா?

இருக்கிறது. மலையகத்தாருக்கென்றே வாய்த்த வழி என்று கூடச் சொல்லலாம். பலருக்கு அது தெரியவில்லை.

ஓசிஐ என்று ஓர் அட்டை, வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அது குடியுரிமை ஆகாது. உங்கள் இலங்கைக் குடியுரிமைக்கும் பாதிப்பில்லை. ஆயுள் முழுக்கச் செல்லுபடியாகும் வீசா மாதிரி அது. எத்தனை முறையும் போகலாம், எத்தனை வருடமும் இருக்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியத் தேவையில்லை. ஓட்டுப் போட முடியாது, அரசாங்க உத்தியோகம் பொதுவாகக் கிடைக்காது, விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. தேயிலைத் தோட்டம் வாங்கும் யோசனை நம்மில் யாருக்கும் இருக்காது, பரவாயில்லை.

1950 ஜனவரி 26இலோ அதற்குப் பிறகோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்த நாளில் அப்படி ஆகத் தகுதி இருந்தவர், அவருடைய பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை விண்ணப்பிக்கலாம். பாகிஸ்தான், பங்களாதேஷ் குடியுரிமைக்காரருக்கு இல்லை, இலங்கையருக்கு உண்டு.

கஷ்டம் தகுதியில் இல்லை, காகிதத்தில். தாத்தா இந்தியாவிலிருந்து வந்தவர் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை எழுத்தில் காட்ட வேண்டும். இங்கேதான் நம் சரித்திரம் கைகொடுக்கிறது. 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கே குடியுரிமை இல்லாதிருந்த நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் முடிவானது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் இரண்டு நாடும் சரிபாதியாகப் பிரித்தன. இந்தியப் பிரஜை என்று பதிந்து இந்தியப் பாஸ்போர்ட்டும் எடுத்த பலர், கப்பல் ஏறாமல் தோட்டத்திலேயே இருந்துவிட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் அவர்களில் பலருக்கு இலங்கைக் குடியுரிமை வந்தது. அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்திருந்தால், டிரங்குப் பெட்டிக்கு அடியில் கரையான் அரித்துக்கொண்டு கிடக்கிற அந்த இந்தியப் பாஸ்போர்ட்டைவிடப் பெரிய சாட்சி வேறில்லை. லயம் மாறும்போது பழைய குப்பை என்று அதை எரித்துவிடாதீர்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை எடுத்தவர்களின் பழைய கடதாசிகளில் சொந்த ஊர் பெயர் இருந்தால் அதையும் காட்டலாம். ஏற்பதும் ஏற்காததும் தூதரகத்தின் தீர்மானம்.

தாத்தாவிலிருந்து உங்கள் வரை சங்கிலி அறாமல் பிறப்பு, விவாகப் பதிவுகள் வேண்டும். தோட்டத்தில் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதியாமல் விட்ட கல்யாணங்கள் நிறைய. சங்கிலி அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். கொழும்புக்கு ஓடும் முன் கண்டியில் இருக்கிற இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரியுங்கள்.

இந்தியரைக் கல்யாணம் செய்தவர்களுக்கும் ஓசிஐ உண்டு, பதிந்து இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.

கோத்தகிரியில சித்தப்பா குடும்பம் இருக்கு. டூரிஸ்ட் வீசாவுல போயி மகன அங்க காலேஜ்ல சேர்த்துறலாமா?

சித்தப்பா வீட்டில் தங்கலாம், காலேஜில் சேர்க்க முடியாது. கல்லூரி அனுமதிக் கடிதத்தை முதலில் வாங்கி, இங்கிருந்தே மாணவர் வீசா எடுக்க வேண்டும். டூரிஸ்ட் வீசாவை இந்தியாவுக்குள் இருந்துகொண்டு மாணவர் வீசாவாக மாற்ற வழியில்லை. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் வீசாவில் போகிறவர் போய் 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், இணையத்தில் செய்யலாம். மகனுக்கு ஓசிஐ இருந்தால் இந்த அலைச்சல் கிடையாது.

அப்பாவுக்கு வேலூர்ல ஒப்பரேஷன். யார் யார் போகலாம்?

இ-மெடிக்கல் வீசா 60 நாளுக்கு. கூட இரத்த உறவில் இரண்டு பேர் வரை உதவியாளர் வீசாவில் போகலாம். ஆஸ்பத்திரிக் கடிதம் கட்டாயம். சிகிச்சை நீளும் என்று டொக்டர் முதலிலேயே சொல்லியிருந்தால் இ-வீசாவை விட்டுவிட்டு, தூதரகம் வழியாக வழமையான மருத்துவ வீசா எடுங்கள். காசு மிச்சம் என்று டூரிஸ்டில் போய்ப் படுத்தால் ஆஸ்பத்திரியே கேள்வி கேட்கும்.

ஜப்பானுக்கு ஸ்டூடண்ட் வீசாவுல போனா வேலையும் செய்யலாம், கடனை ஒரே வருஷத்துல அடைச்சிறலாம்னு கிளாஸ்ல சொல்றாங்க.

வாரம் 28 மணித்தியாலம்தான் அனுமதி. அதற்குள் வாடகை, சாப்பாடு, அடுத்த தவணைப் பள்ளிக் கட்டணம் எல்லாம் வர வேண்டும். ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கே வட்டிக்கு எடுத்த கடன் அந்தக் கணக்கில் எங்கேயும் இடம்பிடிக்காது. 28க்கு மேல் செய்தால் வீசா புதுப்பிக்கும்போது வரிப் பதிவில் தெரிந்துவிடும்.

உழைக்கத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கென்றே ஒரு வீசா இருக்கிறது: குறிப்பிட்ட திறன் தொழிலாளர் வீசா, எஸ்எஸ்டபிள்யூ என்பார்கள். இலங்கை அரசு இதற்காக ஜப்பானோடு 2019இல் உடன்படிக்கை செய்தது. ஜப்பான் மொழித் தேர்வில் என்4 என்கிற படிநிலை அல்லது அதற்குச் சமமான அடிப்படைத் தேர்வும், துறைத் தேர்வும் தேற வேண்டும். முதல் வகையில் மொத்தம் ஐந்து வருடம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. முதியோர் பராமரிப்பு, விவசாயம், உணவு உற்பத்தி என்று துறைகள் இருக்கின்றன. ஒரு வருடமாவது மொழி படிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் ஆட்கள் ஸ்டூடண்ட் வீசாவுக்கு ஓடுகிறார்கள். அதே ஒரு வருடத்தை இங்கேயே மொழிக்குச் செலவழித்தால் கடன் பாதியாகக் குறையும்.

கொரியா?

ஈ-9 வீசா, பீரோ வழியாக மட்டும். 18 முதல் 39 வயது, கொரிய மொழித் தேர்வு, ஒரு சுற்றுக்கு 4 வருடம் 10 மாதம் வரை. இதில் ஏஜென்டுக்கு வேலையே இல்லை. "கொரியாவுக்கு எனக்கு உள்ளே ஆள் இருக்கு" என்கிறவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

ருமேனியா போயி அங்கயிருந்து இத்தாலிக்குத் தாண்டிறலாமாம்?

2025 ஜனவரி 1இலிருந்து ருமேனியா முழுமையாக ஷெங்கனுக்குள், அதாவது உள் எல்லைகளில் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், வந்துவிட்டது, எல்லையில் தடுத்துப் பார்ப்பதும் குறைந்துவிட்டது. அதனால் தாண்டுவது இலகு என்று கதை பரவுகிறது. ருமேனிய வதிவிட அட்டையோடு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய்வரலாம், 180 நாளில் 90 நாள் வரை. வேலை செய்யும் உரிமை ருமேனியாவில் மட்டும்தான். அங்கே வேலையை விட்டுவிட்டு இத்தாலியில் போய் நின்றால் இரண்டு பக்கமும் கடதாசி இல்லாதவர் ஆகிவிடுவீர்கள். இங்கே கட்டிய காசும் போச்சு.

லண்டன் கெயார் வீசா இன்னும் இருக்கா?

வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர் எடுப்பதை 2025 ஜூலை 22ஆம் திகதி மூடிவிட்டார்கள். இன்றும் அதை விற்கிறவர் இருக்கிறார். மாணவர் வீசா இருக்கிறது. ஆராய்ச்சிப் பட்டம் தவிர்ந்த மற்றப் படிப்புக்கு 2024 ஜனவரியிலிருந்து குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. "நீ படி, புருஷன் வேலை செய்வான்" என்கிற திட்டம் அதோடு முடிந்தது.

நாங்க இருக்கிறது லயத்துல. வீடு எங்க பேர்ல இல்ல. சொத்து கேக்குறாங்களே?

வேலை வீசாவுக்குப் பொதுவாகச் சொத்துக் கேட்பதில்லை. படிப்புக்கும் விசிட்டுக்கும்தான் கேட்பார்கள். காணி உறுதி இல்லாததால் நம் ஆட்களுக்கு இது பெரிய சுவர். உறுதி இல்லாமலும் காட்டக்கூடியவை சில இருக்கின்றன: அம்மா, அப்பாவின் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, தோட்டக் காரியாலயத்தின் வேலைக் கடிதம், வங்கியில் பல மாதம் ஒழுங்காகப் போட்டு எடுத்த கணக்கு. உதவுகிற அண்ணனோ மாமாவோ இருந்தால் அவருடைய வருமானத்தையும், அவர் உங்களுக்கு என்ன உறவு என்பதையும் கடதாசியோடு காட்டலாம்.

செய்யக் கூடாதது, நேர்முகத்துக்கு முதல் வாரம் யாரிடமோ வட்டிக்கு வாங்கி ஒரே நாளில் கணக்கில் கொட்டுவது. பிரித்தானிய மாணவர் வீசாவுக்குக் காசு தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த விதி இல்லாத நாட்டு அதிகாரியும் கூற்றைத் திருப்பிப் பார்ப்பார். அதுவரை ஆயிரமும் இரண்டாயிரமுமாக இருந்த கணக்கில் திடீரென்று பத்து இலட்சம் வந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்.

பாஸ்போட்டுல ஒரு பேரு, பொறப்புச் சாட்சிப் பத்திரத்துல ஒரு பேரு. பரவால்லையா?

மலையகத்து வீசா நிராகரிப்புகளில் பாதி இந்த எழுத்துப் பிழையில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். தோட்டத்தில் பிள்ளை பிறக்கிறது. பெயரைச் சொல்பவர் தமிழில் சொல்கிறார், எழுதுபவர் சிங்களத்தில் எழுதுகிறார், பிறகு யாரோ அதை ஆங்கிலத்தில் போடுகிறார். ஒரே லெட்சுமி, அடையாள அட்டையில் எல், ஈ, டி என்று தொடங்குவார், பாடசாலைச் சான்றிதழில் எல், ஏ, கே என்று வருவார், விவாகப் பதிவில் எல், யூ, எக்ஸ். அப்பா பெயர் ஒன்றில் முதலெழுத்தாக, மற்றதில் முழுதாக. ஊரில் எல்லோருக்கும் ஒரே ஆள். வீசா அதிகாரிக்கு மூன்று ஆள்.

திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. பிறப்புப் பத்திரம் முதலில், பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம். அதை வைத்து அடையாள அட்டை. அந்த இரண்டையும் வைத்துப் பாஸ்போர்ட். அதற்கு பத்தரமுல்லைக்கே போகத் தேவையில்லை, கண்டியிலும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அலுவலகம் இருக்கிறது. வரிசையைத் தலைகீழாகப் பிடித்து முதலில் பாஸ்போர்ட்டை மாற்றினால் திரும்பவும் மாற்ற வேண்டிவரும். சின்ன வித்தியாசத்துக்குச் சமாதான நீதவானின் சத்தியக் கடதாசி போதும் என்பார்கள். சில இடத்தில் போதும். ஓசிஐக்கும் படிப்பு வீசாவுக்கும் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏஜென்ட் உண்மையானவரான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

பீரோ இணையத்தளத்தில் லைசன்ஸ் பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருந்தால் மட்டும் போதாது. உங்களை அனுப்புகிற அந்த வேலைக்கு ஜொப் ஓர்டர், அதாவது வெளிநாட்டு முதலாளி ஆள் கேட்டு அனுப்பும் கடதாசி, பீரோவில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி 1989க்கு அழைத்துச் சரிபாருங்கள். தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பெரும்பாலும் சப் ஏஜென்ட். அவர் கையில் லைசன்ஸ் இருக்காது. காசு கொடுத்தால் ஏஜென்சியின் பெயர் அச்சடித்த ரசீதில் வாங்குங்கள், கொப்பித் தாளில் எழுதிக் கொடுப்பதற்கு மதிப்பில்லை.

இன்னொரு வேலையும் செய்கிறார்கள். உங்களுக்கு ஈமெயில் இல்லை என்று அவர்களே ஒன்றைத் தொடங்கி, பாஸ்வேர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள். தூதரகம் அனுப்புகிற கடிதம், வீசா, நிராகரிப்பு எல்லாம் அவர்கள் போனுக்குத்தான் வரும். நிராகரித்த பிறகும் "இன்னும் வரவில்லை" என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். தோட்டக் கந்தோரில் கடிதம் கிடந்து தாமதமாவது வேறு. இது வேண்டுமென்றே மறைப்பது. வீட்டில் போன் பார்க்கத் தெரிந்த பிள்ளையிடம் சொல்லி உங்கள் பெயரில் ஈமெயில் தொடங்குங்கள். பாஸ்வேர்ட் வீட்டில் இருக்கட்டும்.

பாஸ்போட்டை ஏஜென்சியில வச்சிக்கிறாங்க. சரியா?

வீசா அடிக்கக் கொடுத்தால் எந்தத் திகதிக்குத் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை வேண்டாம் என்று நீங்கள் சொன்ன பிறகும் கொடுக்காமல் காசு கேட்டால் அது பொலிஸில் சொல்ல வேண்டிய விஷயம்.

ஒரு தடவ வீசா மறுத்துட்டாங்க. அடுத்த படிவத்துல அத எழுதாம விட்டா என்ன?

எழுதுங்கள். மறுக்கப்பட்டது குற்றம் ஆகாது, மறைப்பதுதான் குற்றம். பொய் சொல்லிப் பிடிபட்டால் கனடா ஐந்து வருடமும் பிரித்தானியா பத்து வருடமும் கதவை மூடிவிடும். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் பழையது தெரியாது என்பதும் வீண் நம்பிக்கை, கைரேகை மாறாது. மறுத்த கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள். கோபத்தில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். அடுத்த விண்ணப்பத்தை எழுதும் முன் நான் வாசிக்க வேண்டியது அந்தக் கடிதத்தைத்தான், அதனால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.